இடப்பக்கக் காவலனின் கை

ஆயிரத்து முந்நூறு வருஷமாகக் குடைவரைக் கோவில் வாசலில் நிற்கும் ஒரு கல் காவலனின் கையை எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பிலிருந்து எடுத்துக் காதோரம் கொண்டுபோய் வைத்தாள். ஒற்றை ஆளாக. சுத்தியல் இல்லை, உளி இல்லை. வெறும் பென்சிலால்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அந்தக் கை இடுப்பில் இருந்ததே கிடையாது. இருந்தது என்று உலகத்தை நம்பவைத்தவளும் இவளேதான். அதைச் சொன்னால் பெருமையில் பாதி கழிந்துவிடுமே என்று பார்த்தேன். ஆனால் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவள். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அவள் எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். வேலை, அளந்து படம் போடுவது. முதல் நாலு வருஷம் நகராட்சியில் சாக்கடைகளை வரைந்தாள். அப்புறம் தொல்பொருள் அலுவலகத்தில் சேர்ந்து சாமிகளை வரைந்தாள். "ரெண்டுக்கும் ஒரே பென்சில்தான் அக்கா. என்ன, சாக்கடைக்குக் கொஞ்சம் வாட்டம் பார்த்துப் போடணும்" என்பாள். அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். கோடு போடுகிற அம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மாடி அறையில் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே அவளுடைய சாய்வு மேஜை. அதன்மேல் யாரும் டம்ளர் வைக்கக் கூடாது, முழங்கை ஊன்றக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. பென்சிலை பிளேடால் சீவி, உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசிமுனை ஆக்குவாள். ரொட்டியை வெட்டினால்கூட இரண்டு துண்டும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தமாதிரி இருக்கும். சுவரில் ஒரு காலண்டர் மாட்ட முடியாது என் கொழுந்தனால். "ரெண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கு" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் நேரா நடக்கறவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணி. இவ வந்தப்புறம்தான் மூணு டிகிரி சாய்ஞ்சு நடக்கறேன்னு தெரிஞ்சுது" என்பார் அவர்.

இப்படிப்பட்டவள் ஒரு தப்புப் பண்ணினாள். அதுவும் அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு.

அதற்கு முன்னால் குடைவரை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கட்டின கோவிலில் ஒரு கல் சரியாக வரவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு கல் வைக்கலாம். குடைவரையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இருப்பது ஒரே பாறை. அதில் வேண்டாததை வெட்டி எடுத்துக்கொண்டே போனால் மிஞ்சுவதுதான் கூரை, தூண், கருவறை, காவலர் எல்லாம். எதையும் கொண்டுவந்து ஒட்டுவது கிடையாது. காவலனின் கை அவன் இடுப்பைத் தொட்டால், கையும் இடுப்பும் ஒரே கல். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறைக் குன்று. எண்பத்தாறு படி. ஏறினால் நாலு தூண் வைத்த சின்னக் குடைவரை. முகப்பின் இரண்டு கோடியிலும் ஆளுக்கு ஒரு மாடத்தில் ஆளுயரத்துக்கு மேலே இரண்டு வாயிற்காவலர்கள். வலது கோடியில் நிற்பவன் ஒரு கையைக் கதாயுதத்தின்மேல் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்பதுபோல் நிற்பான். இடது கோடியில் நிற்பவனும் கதாயுதத்தின்மேல் ஒரு கை ஊன்றியவன்தான். இன்னொரு கைதான் நம் கதை.

கோட்டம்மாவுக்கு முப்பத்தேழு வயதிருக்கும்போது அந்தக் கோவிலை அளந்து படம் போட அனுப்பினார்கள். பதினோரு நாள். நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தூணின் ஒவ்வொரு பட்டையையும் அளந்தாள். வலப்பக்கக் காவலனின் கால் சுண்டுவிரல் நகம் வரை அவள் குறிப்பேட்டில் இருக்கிறது. இடப்பக்கத்தில்தான் சங்கடம். முகப்புப் பாறையின் விளிம்பிலிருந்து சரியாக அவனுக்கு முன்னால் ஒரு மலைத்தேன் அடை தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன அடை இல்லை, ஒரு கதவளவு. காவலனின் உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரை ஒன்றும் தெரியாது. புகைப்படக்காரர் தூரத்தில் நின்று எடுத்த படத்தில் அவன் கறுப்புக் கம்பளி போர்த்திக் குளிர் காய்வதுபோல் இருப்பான்.

பதினோராவது நாள் மாலைக்குள் முடிக்க வேண்டும். அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் உருப்படி என்றால், பாதியை மட்டும் வரைந்து, நடுக்கோடு போட்டு, மெல்லிய தாளை அப்படியே மடித்து மறுபாதியைப் பிரதி எடுத்துவிடுவார்கள். தூணுக்கு அது சரி. வாசல் நிலைக்கும் சரி. கோட்டம்மா காவலனையும் மடித்துவிட்டாள்.

மடித்ததுகூடப் பெரிய குற்றமில்லை. அளக்காத பகுதியைப் புள்ளிக்கோட்டில்தான் போட வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். புள்ளிக்கோடு போட்டால், 'இது என் ஊகம், நான் பார்க்கவில்லை' என்று அர்த்தம். அவள் முழுக்கோடு போட்டாள்.

"ஏன்டீ அப்படிப் பண்ணினே?" என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன்.

"அந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான் பொம்பளை அக்கா. புள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க. தேனீக்குப் பயந்துட்டான்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துட்டேன்."

படம் அச்சானது. அழகான படம், அதில் சந்தேகமே இல்லை. அலுவலக வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டினார்கள். நோட்டுப் புத்தக அட்டையில் வந்தது. ஒரு பேராசிரியர் அந்த இரண்டு காவலர்களின் 'பிசகாத சமச்சீர்' பற்றி முப்பத்திரண்டு பக்கம் எழுதினார். அந்த எண்பத்தாறு படியை ஒருநாளும் அவர் ஏறவில்லை போலிருக்கிறது. படம் போட்டு இரண்டாம் வருஷத்து மழையில் தேனடை தொங்கிய பாறை விளிம்பு ஈரம் ஊறிப் பெயர்ந்தது. அடையோடு விழுந்தது. விழும்போது காவலனின் அந்தக் கையைத் தோளோடு இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. கை சுக்கல் சுக்கலாகி மண்ணோடு மண்ணாயிற்று. அதன்பிறகு கை எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, கோட்டம்மாவின் முழுக்கோடு.

அவள் ஓய்வு பெற்று, அறுபத்து நாலு வயதில், ஒரு புதன்கிழமை காலையில் அந்தக் கடிதம் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். அவள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். இடப்பக்கக் காவலனின் உடைந்த கையைக் கல்தூளும் சுண்ணாம்பும் சேர்த்துத் திரும்பச் செய்யப்போகிறார்கள். வரும் திங்கட்கிழமை ஆரம்பம். 'அம்மையார் வரைந்த அளவுப்படத்தின்படியே கை அமையவிருப்பதால்' அம்மையார் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும்.

"பாரேன், மேடையில உட்கார வைக்கப் போறாங்க உன்னை!" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் காபி தளும்பிக் கடிதத்தின்மேல் விழுந்தது. அப்போதுதான் எங்கள் எல்லோரிடமும் முதல்முறையாகத் தேனடை விஷயத்தைச் சொன்னாள். இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை, கெட்டிக்காரி.

என் கொழுந்தன் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? விட்டுத் தள்ளு. கல்லுக்கு வாயா இருக்கு, வந்து சொல்றதுக்கு?" என்றார்.

"எனக்கு இருக்கே."

"ஒருவேளை கை இடுப்புலயே இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம். ஆனா எனக்குத் தெரியாது. தெரியாத கையை அவங்க கல்லுல செய்யப் போறாங்க. அப்புறம் யார் வந்து பார்த்தாலும் அதுதான் நிஜம். நான் பார்க்காம போட்ட கோட்டுக்குக் கல்லு சாட்சி சொல்லும். இதைவிடக் கேவலம் வேணுமா?"

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் அந்தக் கையை நிறுத்த வேண்டும். அவள் ஒரு முடிவு எடுத்தால் உடும்புப்பிடி. நாற்பது வருஷமாக நான் விடுவித்துப் பார்த்திருக்கிறேன், முடிந்ததில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நான். வேலையை நடத்தும் பொறியாளர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். அதுதான் தொந்தரவே. மரியாதை கொடுக்கிறவரிடம் சண்டை போட முடியாது.

"அம்மா, உங்க படம் தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

"ஆமாம். பார்க்காம போட்டது."

"உங்க அடக்கம் உங்களை இப்படிப் பேச வைக்குது. பேராசிரியரே அதை வெச்சு..."

"அவரும் பார்க்காமதான் எழுதினாரு."

பொறியாளர் என்னைப் பார்த்தார். வயதாகி நினைவு தப்பும் உறவினரைக் கூட்டிவந்தவளைப் பார்க்கும் பார்வை. எனக்கு வந்த கோபத்தில், "தம்பி, இவளுக்கு ஞாபகம் கம்மின்னு நினைச்சிடாதீங்க. போன மாசம் நான் வாங்கிக்கிட்டுப் போன கத்தரிக்கோலை இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் அசையவில்லை. ஆதாரத்துக்காக வைத்திருக்கும் படத்தை வெறும் வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது, கல்லிலிருந்து ஆதாரம் வேண்டும், கை இடுப்பில் இல்லை என்றால் எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேலை நடக்கும் என்றார். மேஜையில் களிமண்ணில் செய்த மாதிரிக் கை தயாராக இருந்தது, இடுப்பில் வைத்த வளைவோடு. கோட்டம்மா அதை ஒருதரம் பார்த்தாள். "விரல்லாம் நல்லா வந்திருக்கு" என்றாள். தப்பான கையாக இருந்தாலும் வேலை சுத்தம் என்றால் சொல்லிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை குன்று ஏறினோம். எண்பத்தாறு படியில் நான் எழுபதில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அளவு நாடா, நூல், பலகை எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் மூச்சு வாங்கி ஏறிப் போனபோது காவலாளியை விசாரித்துக்கொண்டிருந்தாள். அங்கே கல் காவலர் இரண்டு பேர், சம்பளக் காவலர் ஒருவர். முப்பது வருஷமாக அதே ஆள்.

"அந்தக் கை விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"எங்க வெச்சிருந்தான்?"

"அவன்கிட்டதான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "எத்தனை கை?" என்று கேட்டாள். "ரெண்டும்மா. எண்ணிப் பார்த்துத்தான் பொறுப்பு எடுத்துக்கிட்டேன்" என்றார் அவர் கம்பீரமாக. சாட்சி விசாரணை அதோடு முடிந்தது.

அப்புறம் கல்லை விசாரித்தாள். யாரும் சிற்பத்தைத் தொடக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் பலகையில் எழுதி வைத்தவளே அவள்தான், அதனால் ஒரு சாண் தள்ளியே நின்று பார்த்தாள். முதலில் இடுப்பு. கை ஊன்றியிருக்க வேண்டிய இடத்தில் இடைக்கச்சையின் மடிப்புகள் வரிவரியாக முழுசாகச் செதுக்கப்பட்டிருந்தன. முடிச்சு, அதன் குஞ்சம், குஞ்சத்தின் இழை வரை.

"அக்கா, இங்க வா. இந்த இடத்துல உள்ளங்கை பதிஞ்சிருந்தா, அதுக்குக் கீழே மடிப்பு எப்படி வந்தது?"

"கையைத் தூக்கிட்டுச் செதுக்கியிருப்பான்."

"கல்லுக் கையை எப்படித் தூக்குவான்?"

எனக்கே உறைத்தது. ஒரே கல். கை அங்கே இருந்திருந்தால் உளி உள்ளே போயிருக்காது. உடைந்த வடுதான் இருந்திருக்கும். இங்கே வடு இல்லை. ஆக, இடுப்பில் கை இல்லை. என் ஓரகத்தியின் முகத்தில் அந்தக் கணம் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தான் செய்தது தப்பு என்று நிரூபணமானதற்கு அப்படி மலர்ந்த முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பாதிதான் ஆயிற்று. எங்கே இருந்தது என்றல்லவா பொறியாளர் கேட்டிருக்கிறார்?

சனியும் ஞாயிறும் அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. வலப்பக்கக் காவலனின் கை நீளம் பழைய குறிப்பேட்டில் இருந்தது. இருவரும் ஒரே உயரம், ஒரே தோள் அகலம். அதனால் கையும் ஒரே நீளம். புதுத்தாளில் இடப்பக்கக் காவலனை வரைந்து, அவன் தோளின் உடைந்த மூட்டில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, கை நீளத்துக்கு ஒரு வட்டம் போட்டாள். முழங்கை எப்படி மடிந்தாலும் விரல் அந்த வட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. அப்புறம் வட்டத்துக்குள் ஒவ்வொரு இடமாகக் கழித்தாள். மார்பில் ஆரம் முழுசாக இருக்கிறது, அங்கே இல்லை. வயிறு வழவழப்பு, இல்லை. இடுப்பு இல்லை. தொடை இல்லை. மாடத்தின் பின்சுவரில் மிஞ்சியது ஒரே ஒரு இடம். காதுக்கு அருகே ஒரு சுண்ணாம்புக் கட்டி.

முன்னொரு காலத்தில் அந்தக் குகையை யாரோ தானியக் கிடங்காக வைத்திருந்து, வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். உருவங்களின்மேல் இருந்ததை அலுவலகம் சுரண்டி எடுத்துவிட்டது. பின்சுவரில் இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கட்டியைப் பார்த்தவர்களெல்லாம் பூச்சு திரண்டது என்று போய்விட்டார்கள்.

"அது வெறும் சுண்ணாம்பா இருந்துட்டா?" என்றார் என் கொழுந்தன்.

"இருந்துட்டா, நான் இன்னொரு தப்புப் பண்ணினேன்னு ஆகும். ரெண்டாவது தப்பை நாலு பேர் முன்னாடி பண்றேன். முதல் தப்பை மாதிரி ஒளிஞ்சு பண்ணலை."

திங்கட்கிழமை நாங்கள் போனபோது சாரம் கட்டியாயிற்று. இரண்டு ஆள் தொட்டியில் சுண்ணாம்பும் கல்தூளும் குழைத்துக்கொண்டிருந்தார்கள். காவலனின் தோளில் துளை போடக் கருவியைத் தூக்கியாயிற்று. கோட்டம்மா நேரே போய்ச் சாரத்தின் முதல் பலகையில் ஏறி, காவலனுக்கு முன்னால், படப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூட்டு வலிக்காரி, ஏணியைப் பார்த்தாலே என் கையைப் பிடிக்கிறவள்.

"அம்மா, கீழே இறங்குங்க, விழுந்துடப் போறீங்க!" என்று ஓடி வந்தார் பொறியாளர்.

"வேலையை நிறுத்தச் சொல்லலை. அரை மணி நேரம் கேக்கறேன். அந்தக் காதோரக் கட்டியை நனைச்சுத் துடைங்க. ஒண்ணுமில்லைன்னா நானே அந்தக் களிமண் கையைத் தூக்கிக் குடுக்கறேன்."

"அதுக்கு உத்தரவு வேணுமே."

"தோள்ல ஓட்டை போட உத்தரவு இருக்கு. அழுக்கைத் துடைக்க இல்லையா?"

பொறியாளர் படத்தை வாங்கிப் பார்த்தார். இடுப்பு மடிப்பைப் பார்த்தார். திரும்பப் படம். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சுத்தம் செய்யும் பெண்ணைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் ஈரத்துணியைக் கட்டியின்மேல் ஒட்டி வைத்தாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். மூங்கில் குச்சியால் மெல்ல மெல்ல நெம்பினாள். ஒரு பத்தை விழுந்தது, வெள்ளை. இன்னொரு பத்தை, அதுவும் வெள்ளை. என் கொழுந்தன் மூன்று டிகிரி அல்ல, பத்து டிகிரி சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பத்தை விழுந்ததும் அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இங்க நகம் இருக்கு."

நகம்தான். நாலு விரல் நுனிகள், பாறைச் சுவரோடு சேர்ந்தபடி. முன்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் உடைந்து போயிற்று. சுவரைத் தொட்ட விரல் நுனிகள் மட்டும் தாய்ப்பாறையிலேயே தங்கிவிட்டன. காதோரம் கையை உயர்த்தி, உள்ளே இருக்கும் சாமியைப் பார்த்து வியக்கிறான். வலப்பக்கத்தான் வருகிறவர்களை மிரட்டுகிறான், இடப்பக்கத்தான் மெய்மறந்து நிற்கிறான். ஒருவன் வேலை பார்க்கிறான், ஒருவன் பார்க்கவில்லை. எந்த அலுவலகத்திலும் உள்ளதுதான்.

சம்பளக் காவலர், "நான்தான் சொன்னேனே, கை அவன்கிட்டதான் இருந்துச்சுன்னு" என்றார்.

கருவியைக் கீழே வைத்தார்கள். குழைத்த சுண்ணாம்பு படிக்கட்டு ஓட்டைகளுக்குப் போயிற்று. காதோரமும் புதுக்கை செய்ய வேண்டாம், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று பொறியாளரே சொன்னார். முழங்கை எப்படி மடிந்தது என்று யாருக்கும் தெரியாதே. கோட்டம்மா பழைய படத்தை ரத்து செய்துவிட்டுப் புதுப்படம் போட்டுக் கொடுத்தாள். தோளிலிருந்து விரல் நுனி வரை புள்ளிக்கோடு. பேராசிரியர் தம் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்தக் காவலர்களின் 'திட்டமிட்ட சமச்சீரின்மை' பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கம் லாபம் அவருக்கு.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது விரல் தெரிந்த நேரம் அல்ல, அதற்கு அப்புறம் நடந்தது. பொறியாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நல்ல மனிதர் என்றுதான் சொன்னேனே. "'முந்தைய படத்தில் பிழை நேர்ந்துள்ளது'ன்னு போட்டுடறேன்மா. யாருன்னு எழுத வேண்டியதில்லை" என்றார்.

உடனே என் ஓரகத்தி நிமிர்ந்து நின்று, "பிழை தானா நேரலை. நான் பண்ணினேன். இடப்பக்க உருவத்தைப் பார்க்காமலே வரைஞ்சேன்னு எழுதுங்க, என் பேரைப் போட்டு எழுதுங்க!" என்று சொன்னாள் பாருங்கள், அந்தக் குரல் குகையின் நாலு தூணிலும் மோதித் திரும்பியது; கூரையில் தொங்கிய வௌவால்கள் அத்தனையும் கூட்டமாகப் பறந்து வெளியே...

"அங்க வௌவாலே கிடையாது அக்கா." பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "சத்தமாவும் சொல்லலை. முதல் தடவை குரலே வரலை. அவரு 'என்னம்மா?'ன்னு கேட்டாரு. ரெண்டாவது தடவைதான் சொன்னேன். அதை அப்படியே எழுது."